சேலத்தில் வாங்காத வாஷர்கள்

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வீட்டு வாசலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், கொல்லிமலையில் நாடு என்று நாம் சொல்லும் ஊர்த்தொகுதிகள் அனைத்திலிருந்தும் வேலையை விட்டு வந்திருக்கும் ஜீப் ஓட்டுநர்களுக்கும் என் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் கொடுத்தார்கள். "நீதான் படிச்சவ. நடந்தது நடந்தபடி எழுது அம்மணி" என்றார்கள்.

நடந்தபடி எழுதினால் அண்ணனுக்குப் பெருமை, எனக்குச் சிறுமை. ஏனென்றால் அண்ணனைப் பற்றி இந்த மலையில் பலரும் நம்பும் ஒரு கதை இருக்கிறது. ஒரே ஒரு முறை சேலத்தில் மட்டமான சாமான் வாங்கிப் போட்டு ஒரு ஜீப்பைக் கெடுத்துவிட்டார் என்பது அந்தக் கதை. அது உண்மையல்ல. உண்மை எனக்குத் தெரியும். இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாமல் இருந்தேன். இப்போது அந்தப் பட்டறையை நடத்துகிறவள் நான். சொன்னால் என் பிழைப்புக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். இருந்தாலும் இந்த மலரில் சொல்லாவிட்டால் வேறெங்கும் சொல்லப் போவதில்லை.

அண்ணன் பெரக்கரை நாட்டில் பிறந்தார். அப்பா காப்பித் தோட்டத்தில் ஜீப் ஓட்டியவர். அண்ணன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலையில் அப்பா காலமானார். எனக்கு அப்போது ஒன்றரை வயது. அப்பாவின் முகம் அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அண்ணன்மேல் எனக்கிருந்த பொறாமை அங்கேயே தொடங்கியிருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து மலைக்குத் திரும்பி, செம்மேட்டில் தகரக் கொட்டகை போட்டு ஜீப் பட்டறை தொடங்கினார். அம்மாவின் வைத்தியம், என் படிப்பு எல்லாம் அந்தக் கொட்டகைக்குள்ளிருந்துதான் வந்தன. என் பொறியியல் கல்லூரி விண்ணப்பத்தில் "தந்தை அல்லது காப்பாளர்" என்ற இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டார். கிரீஸ் கறை படிந்துவிடுமோ என்று இரண்டு முறை கை கழுவிவிட்டு வந்து போட்டார்.

படிப்பு முடிந்து ஓசூரில் ஒரு பல்சக்கர ஆலையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வேலையை விட்டுவிட்டு, உலோகம் கடையும் பழைய லேத் இயந்திரம் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்து இறங்கினேன். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே கொட்டகையின் ஒரு மூலையில் சிமெண்டுத் தரை போட்டார். மும்முனை மின்சாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

பட்டறைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"அண்ணன் இல்லீங்களா?"

"சேந்தமங்கலம் போயிருக்காரு. சொல்லுங்க, என்ன கோளாறு?"

"இல்லீங்க அம்மணி, சும்மாதான் வந்தேன்."

பிரேக் பிடிக்காத வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, சும்மா வந்தவர் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எழுந்து ஓடுவார். நான் எட்டு செமஸ்டர் இயந்திரவியலையும் விழுங்கிக்கொண்டு நிற்பேன்.

இனி வருவது புரிய, வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜீப்பின் பின்பக்கம், இரு சக்கரங்களுக்கும் நடுவில் உருண்டையாகத் தொங்கும் இரும்பு வயிற்றுக்குப் பெயர் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதைப் பிரித்துக் கொடுப்பவை அந்த வயிற்றுக்குள் ஒரு கூட்டில் அடைபட்டிருக்கும் சில சிறிய பல்சக்கரங்கள். சமவெளியில் நேராக ஓடும் வண்டியில் அவை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கும் நம் வண்டிகளில் அவற்றுக்குத் தூக்கமே கிடையாது. அந்தச் சக்கரங்களுக்கும் கூட்டுக்கும் இடையில், நாணயத்தைப் போல மெல்லிய வாஷர்கள் இருக்கும். நம் மலையில் முதலில் தேய்வது அவைதான்.

அந்த வாஷர்களை அண்ணன் எப்போதும் வாங்கித்தான் போடுவார். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பஷீர் பாயிடம் தேய்ந்த பழையதைக் காட்டி, புதியதைச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டு வருவார். எனக்கு அது அவமானமாக இருந்தது. வீட்டில் லேத் இருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்தவள் இருக்கிறாள்.

"ஏனுங்ணா, இத நானே கடைஞ்சு தரட்டுங்களா? அரை நாள் வேல."

"பாய்கிட்ட இருக்குது அம்மணி. போயிட்டு வாரேன்."

"எழுவது வளைவு எறங்கி, எழுவது வளைவு ஏறி, ஒரு வாஷருக்கா?"

"எறங்கி ஏறறதுனாலதான அது தேயுது? நானும் கொஞ்சம் தேஞ்சுட்டு வாரேன், உடு."

கதவுக் கீல், புஷ், பேரிங் கழற்றும் கருவி என்று வெளியில் இருப்பதை எல்லாம் நான் செய்யலாம். செய்து கொடுத்தால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். டிஃபரன்ஷியலுக்குள் போவது மட்டும் வாங்கியதாக இருக்க வேண்டும். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்றாகிவிடும் அல்லவா?

கேட்காமல், கவனித்தேன். வாங்கி வந்த ஒவ்வொரு வாஷரின் விளிம்பிலும் அண்ணன் ஒரு சிறிய அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். சிலவற்றைத் தனியே எடுத்து வைத்து, அடுத்த முறை போகும்போது பாயிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கு எல்லாமே உடனே புரிந்துவிடும். அரம் ஏறினால், அதாவது அதன் பல் பதிந்து கீறினால், இரும்பு மென்மையானது. மென்மையானது சீக்கிரம் தேயும். அதனால் திருப்பிக் கொடுக்கிறார். அப்படியானால் அரமே ஏறாத வாஷர் ஒன்றைச் செய்து இவர் கையில் கொடுத்தால்? அன்றிலிருந்து ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதம் அது வந்தது. குண்டனி நாட்டுச் சின்னராசு மாமாவை உங்களுக்கெல்லாம் தெரியும். வாழைத்தாரும் ஆட்களும் ஏற்றும் அவருடைய ஜீப் வளைவுகளில் கடக் கடக்கென்று சத்தம் போட்டது. அண்ணன் பிரித்துப் பார்த்தார். வாஷர்கள் காகிதமாகத் தேய்ந்திருந்தன. பாய் கடையில் வாங்கி மாட்டச் சொல்லி என்னிடம் ஒப்படைத்துவிட்டு, சேலத்தில் மூன்று நாள் வேலை இருக்கிறது என்று அண்ணியுடன் கிளம்பினார். சிறுநீரகச் சோதனைக்குப் போகிறார் என்பது அண்ணியைத் தவிர எங்கள் யாருக்கும் தெரியாது.

பாய்க்கு ஃபோன் செய்தேன். "அந்த சைஸு தீந்துபோச்சும்மா. நாலு நாள்ல வந்துரும். அவசரத்துல வேற எதையும் போட்டுறாதே" என்றார்.

சின்னராசு மாமா கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "நாலு நாளா? ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டம் வந்து ரோடு கொள்ளாம நிக்கும். வண்டிய இங்க கட்டிப் போட்டுட்டு நான் அருவியில குளிச்சுட்டு இருக்கறதா அம்மணி?"

"நாளைக்கே தாரேன் மாமா."

"உங்கண்ணன் இல்லாமயா?"

அந்த ஒரு கேள்வி போதும். பேரிங் செய்யும் உயர்ரக எஃகுத் துண்டு ஒன்றை ஓசூரிலிருந்தே வைத்திருந்தேன். நூலிழை பிசகாமல் கடைந்தேன். பழுக்கக் காய்ச்சி, எஃகு கெட்டிப்பட எண்ணெயில் அமிழ்த்தினேன். அரத்தை வைத்து இழுத்தேன். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கியது. அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றும் மறக்க முடியவில்லை. கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட அப்படி இருந்ததில்லை.

மாமா ஜீப்பை எடுத்துக்கொண்டு சோளக்காடு வரை போய், நாலு வளைவு இறங்கி ஏறித் திரும்பினார். "சத்தமே இல்லீங்க அம்மணி! உங்கண்ணன் போட்ட மாதிரியே இருக்குது!" என்றார். பாராட்டும்கூட அவர் வழியாகத்தான் எனக்கு வந்து சேர வேண்டியிருந்தது. சிரித்தேன்.

அண்ணன் திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. "மாமன் வண்டி போயிருச்சா? வாஷரு போட்டாச்சா?" என்று கேட்டார். "போட்டாச்சுங்ணா" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. எங்கே வாங்கினாய் என்று அவர் கேட்கவில்லை. படுக்கப் போய்விட்டார்.

கார்த்திகை மழையில், தாரும் ஆட்களுமாக இறங்கிக்கொண்டிருந்த அந்த ஜீப்பின் பின்சக்கரங்கள் ஒரு வளைவில் திடீரென்று இறுகி நின்றன. வண்டி வழுக்கிப் போய்ப் பக்கச்சுவரில் உரசிச் சாய்ந்து நின்றது. மாமாவும் இரண்டு பெண்களும் உள்ளே இருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. சுவர் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

வண்டியை இழுத்து வந்து பட்டறையில் பிரித்தோம். எண்ணெய் வெள்ளியைக் கரைத்ததுபோல் மின்னியது; அத்தனையும் இரும்புத் தூள். என் வாஷர்கள் செய்த நாளில் இருந்தபடியே பளபளத்தன. அவை துளியும் தேயவில்லை. அவற்றைத் தாங்கிய கூட்டைத்தான் அரித்துத் தின்றிருந்தன. கூடு தேய்ந்து, சக்கரங்கள் இடம் பெயர்ந்து, பல் உடைந்து சிக்கியிருந்தது. அண்ணன் ஒரு வாஷரைத் துடைத்து அரத்தை வைத்தார். அரம் வழுக்கியது. இரண்டாம் முறை வைக்கவில்லை. தலையைத் தூக்கி என்னை மட்டும் பார்த்தார்.

சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு ஓட்டுநர்கள் நின்றார்கள். சின்னராசு மாமா கத்தினார்.

"என்ன மாப்ள, கல்ல முழுங்குன கோழியாட்ட நிக்கற? வாயத் தொறந்து சொல்லு. என்னாச்சு?"

"வாஷருங்க மாமா. நான் சேலம் போயிருந்தப்ப அங்க ஒரு கடையில வாங்கி பஸ்ஸுல குடுத்து உட்டேன். பாத்து வாங்கல. அம்மணி நான் குடுத்ததத்தான் மாட்டுச்சு."

"பாய் கடைய உட்டுப்போட்டுச் சேலத்துல வாங்குனயா? உனக்கு என்ன புத்தி கெட்டா போச்சு?"

"கெட்டுத்தானுங்க போச்சு."

"என்ர உசுரே அதுல தொங்கிட்டு இருந்துருக்குது, மாப்ள!"

"ஆமாங்க மாமா."

அத்தனை பேர் முன்னால் தலை குனிந்து நின்றார். பாய் மேல் பழி போய்விடக் கூடாது என்பதையும் அந்த ஒரு நொடியில் யோசித்திருக்கிறார். அவருக்குப் பொய்யும் என்னைவிட நன்றாக வந்தது.

எல்லோரும் போன பிறகு நான்தான் சண்டைக்குப் போனேன். "ஏனுங்ணா பொய் சொன்னீங்க? நான் செஞ்ச தப்பக்கூட நீங்கதான் எடுத்துக்கோணுமா?"

"நீ எதுக்கு அதக் காய்ச்சி எண்ணெயில போட்ட?"

"நீங்க அரத்துல இழுத்துப் பாத்து, மெத்துனு இருக்கறதத் திருப்பிக் குடுப்பீங்கல்ல? அதுனாலதான்."

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த நிலைமையிலும், சிரித்துவிட்டார். "மெத்துனு இருக்கறதையா? கெட்டியா இருக்கறதத்தான் அம்மணி திருப்பிக் குடுத்தேன்! அரம் ஏறாததைப் போட்டு அனுப்பாதீங்கன்னு பாய்கிட்டச் சண்டையே போட்டிருக்கறேன். வாஷருன்னா அது தேயறதுக்குன்னே போடறது. தேஞ்சா வேற மாத்திக்கலாம். கூடு தேஞ்சா எங்க போவ?"

நான் அந்த வாஷரைக் கையில் எடுத்து உருட்டினேன்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே."

"கேக்கலீங்ணா."

"ஏன்?"

அதற்கான பதிலை இந்த மலரில்தான் எழுதுகிறேன். அண்ணனே தொடர்ந்தார்: "நான் இன்னைக்கித் திட்டு வாங்குனா நாளைக்கும் வண்டி வரும். நீ வாங்குனா அப்புறம் ஒரு வண்டிகூட உன்கிட்ட வராது. பேசாம இரு." மறுவாரமே முழு டிஃபரன்ஷியலையும் புதிதாக வாங்கி மாமாவின் ஜீப்பில் தன் கையால் மாட்டிக் கொடுத்தார்.

இதுவரை நடந்தது அறியாமை என்று யாராவது என்னை மன்னிக்கலாம். அதற்குப் பிறகு நடந்ததற்கு அப்படி ஒரு பெயர் கிடையாது.

ஓட்டுநர்கள் என்னிடம் வரத் தொடங்கினார்கள். "சாமான் நீங்களே போயிப் பாத்து வாங்கியாங்க அம்மணி. அண்ணன அனுப்ப வேண்டாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அண்ணன் காதில் விழும் தூரத்திலேயே சொன்னார்கள். ஒருவரிடமாவது நான் மறுத்திருக்கலாம். "சரிங்க" என்றேன். இருபத்தைந்து ஆண்டுகளில் அண்ணன் பெயரில் விழுந்த ஒரே கறை அது. எனக்கு அது உள்ளுக்குள் இனித்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் இனித்தது. அவரும் ஒரு முறை தவறியவர்தான் என்று இந்த மலை பேசும்போது, முதல் முறையாக நாங்கள் இருவரும் ஒரே உயரத்தில் நிற்பதுபோல் இருந்தது. அவரைக் குனிய வைத்துத்தான் அந்த உயரம் கிடைத்தது என்பதை மறந்துபோகவும் பழகிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு அண்ணனின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன என்பது வெளியே தெரிந்தது. வாரம் இருமுறை நாமக்கல்லுக்கு இறங்கி, இரத்தச் சுத்திகரிப்பு முடித்துத் திரும்பினார். திரும்பிய மறுநாளே வேலைக்கு உட்காருவார். குனிய முடியாதபோது ஸ்டூலில் அமர்ந்து, எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று விரலால் காட்டுவார். வலியைப் பற்றி அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. கடைசி இரண்டு வாரங்கள் மருத்துவமனையிலேயே கழிந்தன.

அங்கே ஒரு மதியம் சின்னராசு மாமா சீப்பு சீப்பாக மலை வாழைப்பழத்தோடு வந்தார். கட்டிலைச் சுற்றி இருந்த குழாய்களை எல்லாம் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏ மாப்ள, இதெல்லாம் எங்க வாங்குனதுன்னு டாக்டரக் கேட்டயா? சேலத்துச் சாமானா இருக்கப் போவுது!"

"பயப்படாதீங்க மாமா. நான் வாங்கல."

அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன். "மாமா, அது வந்து…" என்று ஆரம்பித்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அம்மணி, மாமனுக்குக் காப்பி ஊத்து" என்றார்.

காப்பியை ஊற்றினேன். நாலு நாள் கழித்து அண்ணன் இறந்தார்.

அவர் உடலைச் சின்னராசு மாமாதான் தன் ஜீப்பில் மலைக்குக் கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு அண்ணனைப் பற்றிப் பேசினார்கள். "ஒரே ஒருக்காத்தான் ஏமாந்தாரு, மத்தபடி தங்கமான கை" என்று ஒருவர் அன்போடுதான் சொன்னார். அந்த வார்த்தை ஓராண்டாக என்னைத் தூங்க விடவில்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்கள். பிறகு, "எனக்குத் தெரியும் அம்மணி. அந்த மூணு நாளும் சேலத்துல நான் கூடவே இருந்தேன். ஆசுபத்திரிய உட்டு அவரு எந்தக் கடைக்கும் போகல. நீயாச் சொல்றயான்னு பாத்துட்டு இருந்தேன்" என்றார்கள். ஒரு வரியைக்கூட நீக்கச் சொல்லவில்லை.

அண்ணனை இறுதிவரை முகம் சுளிக்காமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சுத்திகரிப்பு நாட்களில் முறை வைத்துக்கொண்டு அவரை ஏற்றி இறக்கிய செம்மேட்டு ஓட்டுநர்களுக்கும், துக்க வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டு வந்த பெரக்கரை நாட்டு உறவுகளுக்கும், அண்ணன் திருப்பிக் கொடுத்ததையெல்லாம் கோபிக்காமல் வாங்கிக்கொண்ட பஷீர் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சின்னராசு மாமாவுக்கு நன்றியோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமா, உங்கள் வண்டியில் இருந்த வாஷர்கள் சேலத்திலோ வேறு எந்த ஊரிலோ வாங்கியவை அல்ல. பாய் பொறுக்கச் சொன்னார், நான் பொறுக்கவில்லை. செம்மேட்டில், என் லேத்தில், அண்ணனுக்குத் தெரியாமல் நான் செய்து மாட்டினேன். அவரைத் திட்டியதை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு என்னிடம் கொடுங்கள். இதைப் படித்த பிறகு தங்கள் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டு போக நினைப்பவர்கள் கொண்டு போகலாம். எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. வருகிறவர்களுக்கு வாஷர் வாங்கித்தான் மாட்டுவேன். அரத்தை வைத்து இழுத்து, ஏறினால்தான் மாட்டுவேன்.

அண்ணன் கைபட்டுக் கெட்டுப்போன வண்டி இந்தக் கொல்லிமலையில் ஒன்றுகூட இல்லை. என்னைப் பற்றி அப்படி ஒரு வாக்கியத்தை இனி யாரும் எழுத முடியாது. இதற்கும் அவர்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அவருடைய தங்கை